தோற்றவர்க்கும் அடுத்த ஞாயிறு

சென்னையின் வடபகுதியில், வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெளியே புறப்படும் எவரும், டீக்கடைப் பாய்லரின் சீற்றத்துக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும் முன்னதாகக் காதில் வந்து விழும் ஒரு சப்தத்தை அறிவார்கள். காற்றுக் குறைந்த பந்து ஒன்று சுவரில் மோதித் திரும்புகிற மந்தமான சப்தம் அது. சந்துக்குச் சந்து ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கால்களில் குடிகொண்டிருக்கும் சாமர்த்தியத்தைக் கண்டபின், நின்று பார்க்காமல் மேலே நடக்க மனம் வராது. ஆனால் அந்தப் பையன்களில் ஒருவனை அழைத்து, ‘தம்பி, உன் டீம் எது?’ என்று விசாரித்தால், மான்செஸ்டர் என்றும் மாட்ரிட் என்றும் பார்சிலோனா என்றும் பதில் வருகிறதே ஒழிய, தான் சேர்ந்து ஆடும் அணி ஒன்றின் பெயர் வருவது அபூர்வம். ஆட்டக்காரர்களுக்குக் குறைவில்லாத ஊரில் அணிகளுக்குப் பஞ்சம் வந்திருப்பதும், அந்தப் பஞ்சத்தை ஒருவரும் பஞ்சமென்று கருதாமலிருப்பதும் விசித்திரமான விஷயங்கள்.

இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு எனக்குள்ள யோக்கியதை மிகச் சொற்பம். பள்ளிப் பருவத்தில் கால்பந்தில் பேக் ஆடியதும், நாற்பதைக் கடந்து முழங்காலில் சொடக்குச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிற்பாடு தெருப் பையன்களின் வற்புறுத்தலால் ஓர் அணிக்குக் காரியதரிசியாக ஆனதும்தான் என் பூர்வோத்தரம். அது நேர்ந்த விதம் இதுதான். திருவள்ளூர்ப் பக்கத்தில் நடந்த ஒரு நாள் செவன்ஸ் போட்டிக்கு, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வேன் பிடித்து இருட்டோடு புறப்பட்ட பையன்கள், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். எட்டரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஒன்பதே காலுக்குள் டைபிரேக்கரில் தோற்றுவிட்டோம். வேன்காரர் சாயங்காலம்தான் வருவதாகப் பேச்சாகையால், மீதிப் பகல் முழுவதும் மரத்தடியில் உட்கார்ந்து பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வரும்போது, அதுவரை வாய் திறவாமல் ஜன்னலோரம் சாய்ந்திருந்த எங்கள் கோல்கீப்பர், ‘அண்ணா, தோத்தவனுக்கு இன்னொரு மேட்ச் தரவே மாட்டாங்களா?’ என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நூற்றுமுப்பது வருஷங்களுக்கு முன்பே ஒரு விடை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்பதும், அதற்கு லீக் என்று பெயர் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நாக்அவுட் போட்டியின் கணிதத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். பதினாறு அணிகள் சேர்ந்தால் மொத்தம் 15 ஆட்டங்கள். அவற்றில் எட்டு அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு மூட்டையைக் கட்டிக்கொள்கின்றன. ஆடிப் பழகவேண்டிய அவசியம் யாருக்கு அதிகமோ, அவனையே முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவனுக்கு மேலும் மேலும் ஆட்டம் கொடுப்பது அந்த முறையின் சுபாவம். லீக்கின் கணக்கு வேறு. பன்னிரண்டு அணிகள் ஒன்றோடொன்று ஒரு முறை மோதினால் 66 ஆட்டங்கள். முதலிடத்தில் நிற்கிற அணிக்கும் பதினொன்று, கடைசியில் கிடக்கிற அணிக்கும் பதினொன்று. இன்றைக்கு ஐந்து கோல் வாங்கித் தலை குனிந்து போகிறவன் அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்து நின்றாக வேண்டும் என்கிற நிர்ப்பந்தம் அதில் இருக்கிறது. அந்த நிர்ப்பந்தத்தில்தான் ஆட்டமும் வளர்கிறது, ஆளும் வளர்கிறான்.

இந்த ஏற்பாட்டை உலகுக்குத் தந்தவர் தத்துவ ஞானியோ ராஜதந்திரியோ அல்லர், ஜவுளிக்கடைக்காரர் ஒருவர். பர்மிங்ஹாம் நகரில் துணி வியாபாரம் செய்துகொண்டு, ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகத்திலும் பங்கு கொண்டிருந்த வில்லியம் மக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கோப்பைப் போட்டிகளின் காரணமாக மற்ற ஆட்டங்கள் கடைசி நேரத்தில் ரத்தாவதையும், காசு கொடுத்து வந்த ஜனங்கள் ஏமாந்து திரும்புவதையும் பார்த்துப் பார்த்துச் சலித்து, 1888 மார்ச் மாதத்தில் சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். எந்தத் தேதியில் யாரோடு யார் ஆடுவது என்பதை முன்கூட்டியே நிச்சயித்து, அதை மீறாமல் நடத்துவோம் என்பதுதான் அதன் சாரம். கொள்முதலுக்கும் பட்டுவாடாவுக்கும் தேதி குறித்துப் பழகியவருக்கே அப்படியொரு யோசனை தோன்றும். அவ்வருஷமே பன்னிரண்டு கிளப்புகள் கூடி லீக் தொடங்கின. ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதலிடம் பெற்ற பிரஸ்டன் நார்த் எண்ட் ஆடியவை 22 ஆட்டங்கள். கடைசி இடத்தில் வந்து நின்ற ஸ்டோக் ஆடியவையும் அதே 22. மறு வருஷமும் ஸ்டோக்குக்குக் கடைசி இடமே கிடைத்தது. ஆனாலும் அந்தக் கிளப் இன்றளவும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அதே 1888-ஆம் வருஷத்தில்தான் சிம்லாவில் டுராண்ட் கோப்பைப் போட்டியும் பிறந்தது என்பது சரித்திரத்தின் வேடிக்கை. அங்கே லீக், இங்கே கோப்பை. கல்கத்தா 1898-லேயே லீக்கை ஏற்படுத்திக்கொண்டு நல்ல பலன் கண்டதென்றாலும், தேசம் முழுமைக்குமான லீக் ஒன்று நம் நாட்டில் ஏற்பட 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே நாளில் மாலையும் கழுத்துமாக முடிந்துவிடுகிற திருவிழாவில் நமக்குள்ள பிரியம், மாதக்கணக்கில் நீளுகிற விரதத்தில் இல்லை போலும். திருவிழாவை நான் குறை கூறவில்லை. குமரிக் கடற்கரையில் தூத்தூர் வட்டாரத்து மீனவ ஊர்களில் பந்தாட்டம் நடக்கிற நாளில் நிலவும் உத்ஸாகத்தைக் கண்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். இந்திய அணியில் ஆடிய மைக்கேல் சூசைராஜைத் தந்தது அந்தக் கரைதான். ஆனால் திருவிழா முடிந்து பந்தல் பிரித்த பிறகும் கோயிலில் நித்திய பூஜை நடந்தாக வேண்டுமல்லவா?

நித்திய பூஜையின் சிரமம், அந்தப் பையன்களோடு லீக் ஆடுவதற்கென அணியைத் தொடங்கிய முதல் மாதத்திலேயே எங்களுக்குப் பிரத்தியட்சமாயிற்று. பந்தாட்டத்துக்குப் பதினொரு பேர் போதும் என்று நினைத்திருந்தோம். மைதானத்துக்கு வெளியே இன்னொரு பதினொரு பேருக்கு வேலை இருக்கிறது என்பது பிறகே விளங்கியது. மாவட்டச் சங்கத்தில் அணியைப் பதிவு செய்யவேண்டும். ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயரும் பிறந்த தேதியும் புகைப்படமும் தகுந்த சான்றோடு ஏறவேண்டும். வேறு கிளப்பில் பெயர் கொடுத்தவன் அங்கிருந்து முறைப்படி விடுபட்டு வரவேண்டும். எங்கள் பையன் ஒருவனுக்கு ஆதார் அட்டையில் ஒரு முன்னெழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. இன்னொருவன் இரண்டு ஆவணங்களில் இரண்டு வெவ்வேறு மாதங்களில் பிறந்திருந்தான். அவனுடைய தாயாரைக் கேட்டபோது, ‘அமாவாசைக்கு மறுநாள், நல்ல மழை’ என்று மூன்றாவதாக ஒரு தேதி சொன்னார். கூரியர் கம்பெனியில் பொட்டலம் கொடுக்கிறவன், பாலிடெக்னிக்கில் படிக்கிறவன், துறைமுகத்தில் தினக்கூலிக்குப் போகிறவன், கறிக்கடையில் தகப்பனாருக்கு ஒத்தாசை செய்கிறவன் என்று பதினெட்டுப் பேருடைய ஜாதகங்களும் என் மேஜையில் குவிந்திருந்த அந்த மூன்று வாரங்களில், அரசாங்கம் என்பது எவ்வளவு பாரமான வஸ்து என்பதை அவர்களும், அதைச் சுமக்காமல் ஓர் ஸ்தாபனம் எழும்பாது என்பதை நானும் கற்றுக்கொண்டோம்.

ஜெர்சி தைத்து எண் அச்சடித்துக் கொடுத்தவர், எண் 7-ஐ இரண்டு சட்டைகளில் பதித்துவிட்டு 4-ஐ அறவே மறந்துவிட்டார். இரண்டாவது ஏழின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி ஒருவாறு நாலாக்கினோம். வியர்வை ஊறியதும் டேப் உரிந்து, இடைவேளைக்குப் பிறகு அந்தப் பையன் மறுபடி ஏழாகிவிடுவான்.

பணத்தைக் காக்கும் பொறுப்பில் எங்களுக்கு அடித்த அதிர்ஷ்டத்தைச் சொல்லவேண்டும். ஆட்டக்காரர் ஒருவரின் தாயார், தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவர், பல வருஷங்களாகச் சீட்டு நடத்தி ஒரு ரூபாய் தவறாதவர் என்று பேர் எடுத்தவர். அவரையே பொக்கிஷதாராக நியமித்தோம். வாராவாரம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் சந்தா. நாற்பது பக்க நோட்டில், சுண்ணாம்புத் தூள், எலுமிச்சம்பழம், பஞ்சு, ஐஸ், பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ‘சந்தா தராதவனுக்கு இட்லி உண்டு, ஜெர்சி கிடையாது’ என்று அவர் முதல் வாரமே சட்டம் இயற்றிவிட்டார். வேலையில்லாத வாரத்தில் சந்தா கட்ட முடியாதவன், மைதானத்துக்கு முதல் ஆளாக வந்து கோடு போட்டு ஈடு செய்யலாம் என்பதும் அந்த அக்காவின் சட்டத்திலேயே ஒரு ஷரத்து. பெரிய சங்கங்களின் நியமாவளிகளில்கூட இவ்வளவு கண்டிப்பும் இவ்வளவு தாட்சண்யமும் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் லீக் ஆட்டம் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு. பதினெட்டுப் பேர் பதிவு செய்திருந்தும் வந்து சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்கக் கூடாது என்பது சர்வதேச விதி. அந்த விதியின் விளிம்பில் நின்றுகொண்டு, வாக்ஓவர் கொடுத்துவிடலாமா என்று யோசித்த எங்களை, எட்டே பேராயினும் ஆடியே தீருவோம் என்று கோல்கீப்பர் இழுத்துக்கொண்டு போனான். அவனுடைய பயிற்சியெல்லாம் சந்தில், மூன்று தப்படி இடைவெளியில் வைத்த இரண்டு செங்கற்களுக்கு நடுவில் நடந்தது. லீக் மைதானத்தின் கோல் கம்பமோ இருபத்துநாலடி அகலம், எட்டடி உயரம். சந்துச் சட்டப்படி, கீப்பரின் தலைக்கு மேல் போகிற பந்து கோல் ஆகாது. எத்தனை வருஷத்து அனுஷ்டானம் அது! ஐந்தாவது நிமிஷத்தில் எதிரணி விங்கிலிருந்து வந்த பந்து ஒன்று அவன் தலைக்கு மேலாக, கையைத் தூக்கினாலும் எட்டாத உயரத்தில் மிதந்து வலைக்குள் விழுந்தபோது, அவன் சற்றும் கலங்காமல் ரெஃப்ரியைப் பார்த்து, ‘சார், தலைக்கு மேல போச்சு சார்!’ என்றான். ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்து, குறுக்குக் கம்பத்தை விரலால் சுட்டிக்காட்டி, ‘தம்பி, அது வரைக்கும் உன் வீடுதான்’ என்றார்.

ஒன்பது கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. முடிந்ததும் எதிரணியினர் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். அடிவாங்கிய கையைப் பிசைந்துகொண்டு கீப்பர் தரையில் உட்கார்ந்திருந்தான். எலுமிச்சம்பழச் சாற்றை டம்ளரில் ஊற்றிக் கொடுத்த அக்கா, தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ‘அடுத்த ஆட்டம் எப்போ?’ என்று மட்டும் கேட்டார். ‘வர்ற ஞாயிறு’ என்றேன். வேனில் வந்த அன்று கேட்ட கேள்வி அவன் நினைவுக்கு வந்ததோ என்னவோ, பையன் தலை நிமிர்ந்து பார்த்தான்.

அந்தப் பருவத்தில் பதினோர் ஆட்டங்களில் எட்டில் தோற்றோம், இரண்டில் சமன், ஒன்றில் வெற்றி. பன்னிரண்டு அணிகளில் பதினோராவது இடம். சாதனை என்று இதைச் சொல்ல வெட்கமாக இருக்கவேண்டும். எனக்கு வெட்கமாக இல்லை. முதல் ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வந்த இடத்தில் கடைசி ஆட்டத்துக்குப் பதினாறு பேர் வந்தார்கள். அதாவது ஐந்து பேர், ஆடுவோம் என்ற நிச்சயமில்லாமலே, சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு வெளியே உட்காரச் சம்மதித்தார்கள். மைதானத்துக்குள் ஓடுவதைக் காட்டிலும் கோட்டுக்கு வெளியே காத்திருப்பது எவ்வளவு கடினமான வித்தை என்பது, காத்திருந்தவர்களுக்குத் தெரியும். மஞ்சள் அட்டை வாங்கியவன் மறுவாரம் ரெஃப்ரியிடம் போய்த் தானாகவே மன்னிப்புக் கேட்டான். இவற்றில் எதையும் நான் உபதேசித்துக் கற்பிக்கவில்லை. மறுவாரமும் அதே முகங்களைச் சந்தித்தாக வேண்டும் என்கிற ஏற்பாடே அவற்றைக் கற்பித்தது.

சிறிய மனத்தாங்கல் ஒன்றிலிருந்துகூடப் பெரிய ஸ்தாபனம் பிறக்கலாம் என்பதற்குக் கல்கத்தாவில் ஓர் உதாரணம் உண்டு. 1920 ஜூலையில் மோகன் பகானோடு நடந்த ஓர் ஆட்டத்தில், ஜோராபாகான் கிளப் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் அணியை இறக்கியது; அவரைச் சேர்க்கும்படி வாதாடியும் பலிக்காமற்போன உபதலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி, கோபித்துக்கொண்டு வெளியேறிச் சில நண்பர்களோடு கூடி, ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஈஸ்ட் பெங்கால் கிளப்பை ஆரம்பித்தார். அந்தக் கிளப்பும் லீக்கின் கீழ்ப் பிரிவில் ஆடிப் படியேறி, 1925-ல்தான் முதல் டிவிஷனில் கால் வைத்தது. நூறு வருஷங்களுக்குப் பின், 2023 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, டுராண்ட் கோப்பையில் அதே மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. அந்த ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகர், சென்னையில் பிறந்த வாலிபர். கல்கத்தாவில் யாரோ ஒருவர் ஒரு நாள் கொண்ட கோபம், நூறு வருஷம் லீக்கில் நிலைத்து நின்றதனால் அல்லவா, நம் ஊர்ப் பையனுக்கு அந்தச் சட்டையும் அந்த மைதானமும் கிடைத்தன?

நிலைத்து நிற்பதற்கு முதலில் நிற்க இடம் வேண்டும். பதினொருவர் ஆட்டத்துக்கு விதி கேட்கிற மைதானம், மிகக் குறைந்த பட்சம் 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும். கணக்கிட்டால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். நகரத்தில் ஓர் ஏக்கர் என்பது என்ன விலை என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே அதைப் பொது ஸ்தாபனங்கள்தான் தரமுடியும், தந்ததைக் காக்கவும் முடியும். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றம், செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஆளொன்றுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க இடமளிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது; எதிர்ப்பு பலமாக எழவே, அது கைவிடப்பட்டது. கைவிட்டது மெச்சத்தக்க காரியம். ஆயினும் அந்தக் கணக்கு எங்கள் அக்காவின் நோட்டில் ஏறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைப் போட்டுப் பார்த்தேன்: பதினான்கு பேர் ஒன்றரை மணி நேரம் பயிற்சி செய்ய 2,520 ரூபாய், மாதத்தில் எட்டு நாள் என்றால் 20,160 ரூபாய். ஐம்பது ரூபாய்ச் சந்தாவில் நிற்கிற அணிகளை அத்தகைய கட்டணம் ஒரே பருவத்தில் இல்லாமற் செய்துவிடும். வசதியுள்ளவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஐந்து ஐந்து பேராக ஆடிவிட்டுப் போவார்கள். லீக் மெல்ல மெல்ல மறைந்துபோகும்.

எனவே, கேட்கவேண்டியவை அதிகமில்லை. மாநகராட்சி மைதானங்களில் பதிவு பெற்ற உள்ளூர் அணிகளுக்குக் குறிப்பிட்ட நேரம் இலவசமாக ஒதுக்கப்பட வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் பூட்டிக் கிடக்கிற பள்ளி மைதானங்களின் சாவி, பொறுப்பான ஒருவர் கையெழுத்தின் பேரில் கிடைக்கவேண்டும். மாவட்ட லீக் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடியும் என்பது, பஞ்சாங்கத்தில் கிரகணம் குறித்திருப்பதுபோல், வருஷத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியவேண்டும். தேதி தெரியாத லீக், மக்ரெகருக்கு முந்திய காலத்தைச் சேர்ந்தது. பெண்களுக்கும் கீழ்ப் பிரிவுகள் உள்ள லீக் வேண்டும். மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்ற நாட்டில், ஒரு தெருப் பெண்கள் அணி சேர்ந்து ஆட இடம் தேடி அலைவது நியாயமல்ல.

இதனாலெல்லாம் படிப்புக் கெடும், பிழைப்புக்கு வழி கிடைக்காது என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ரயில்வேயும் வங்கிகளும் போலீஸும் ஆட்டக்காரர்களைத் தேடித் தேடி உத்தியோகம் கொடுத்த காலம் ஒன்றிருந்தது; அந்த வாசல் இன்று வெகுவாகக் குறுகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கோயில் பஜனைக்குப் போகிறவனைப் பார்த்து, ‘பாகவதர் ஆகி எவ்வளவு சம்பாதிப்பாய்?’ என்று யாரும் கேட்பதில்லை. கூரியர்ப் பையைத் தோளில் மாட்டியபடி நேராக மைதானத்துக்கு வருகிறவன், வாரம் ஒரு முறையாவது, முதலாளியின் ஏவலுக்காக அல்லாமல் தன்னைச் சேர்ந்த பத்துப் பேருக்காக ஓடுகிறான். அவன் வராவிட்டால், ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது. அந்த விசாரிப்பு ஒரு வாலிபனுக்குச் சம்பளத்தைப் போலவே அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வருஷத்துக்கான அட்டவணை சென்ற வாரம் வந்தது. கடைசி டிவிஷனில்தான் இன்னமும் இருக்கிறோம். கோல்கீப்பர் இப்போது செங்கல் வைத்துப் பழகுவதில்லை; ரயில்வே சுவரில் எட்டடி உயரத்தில் கரியால் ஒரு கோடு இழுத்திருக்கிறான். இட்லிக் கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில், சீட்டுத் தேதிகளுக்குப் பக்கத்தில் பதினொரு ஞாயிறுகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறார் அக்கா. அவற்றில் எத்தனையில் தோற்போம் என்று அவர் கேட்கவில்லை; ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை பேருக்கு இட்லி வேண்டும் என்பதைத்தான் கேட்டார். பதினாறு என்று சொல்லியிருக்கிறேன்.